ஏழாம் நம்பர் எழுதிய நாலு பக்கம்

"ஒரு பக்கம் எழுதச் சொன்னா, மனுஷன் நாலு பக்கம் எழுதியிருக்கார் மேடம்!"

ஹெட் நர்ஸ் தாள்களை மேஜைமேல் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் புது வார்டு கட்டப்போகிறார்கள். எப்படி இருந்தால் வசதி என்று படுத்திருப்பவர்களையே கேட்டுவிடலாம் என, ஆர்க்கிடெக்ட் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தாள். 'எல்லாம் நல்லா இருக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள் பலர்.

ஏழாம் நம்பர் கட்டில்காரர் மட்டும் விடவில்லை. ரிட்டயர்டான பஸ் டிரைவர். வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு.

ஆர்க்கிடெக்ட் படித்தாள்.

'படுத்தபடியே பார்த்தா பாத்ரூம் கதவு தெரியணும். கட்டில்லேர்ந்து அதுவரைக்கும் நடுவுல விட்டுப்போகாம கைப்பிடி வேணும், போறப்பவும் வர்றப்பவும் இடது கைப் பக்கமா. குழாய் ஒத்தைக் கையால திறக்கிற மாதிரி இருக்கணும். விளக்கு மூஞ்சிக்கு நேரா வேண்டாம்...'

"கட்டிலை விட்டு இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இந்த வார்டு பாத்ரூமை இவர் கண்ணால கூடப் பார்த்ததில்லை. ரெண்டு கையும் உலக்கை மாதிரி இருக்கு, ஒத்தைக் கைக் குழாய் எதுக்கு? வெறும் வாயை மெல்றவருக்கு நீங்க அவலைக் குடுத்துட்டீங்க மேடம்!"

ஆர்க்கிடெக்ட் சிரித்தாள். ஆனால் தாள்களைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து, மாதிரிக்கு ஒரே ஒரு அறை தயார் செய்தாள். நாலு பக்கத்திலும் எழுதியிருந்தது அப்படியே சுவரேறியிருந்தது.

பெரிய டாக்டர் சுற்றிப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. உபயோகப்படுமா?"

வீல்சேரில் வந்திருந்த டிரைவர் முந்திக்கொண்டார். "எட்டாம் நம்பரைக் கூட்டிட்டு வந்து பாருங்க டாக்டர்."

எட்டாம் நம்பர் ஒரு டெய்லர். பக்கவாதத்தில் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. நடைப்பயிற்சி கொடுத்தும், பாத்ரூமுக்கு இரண்டு பேர் தாங்கித்தான் போவார். அப்போதெல்லாம் கண்களை இறுக்கி மூடிக்கொள்வார்.

"ஐயோ, விழுந்துடுவார்!" என்று பதறினாள் அவர் மனைவி.

"நான் பக்கத்துலயே இருக்கேம்மா" என்றார் டாக்டர்.

டெய்லரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவர் கண் நேராகக் கதவுக்குப் போனது. மெல்ல எழுந்து உட்கார்ந்தார். இடது கை கைப்பிடியைப் பற்றியது. ஒரு அடி. வலது கால் இழுபட்டு வந்தது. இன்னொரு அடி.

தாங்கப் போன வார்டுபாயை டாக்டர் கையமர்த்தினார்.

ஏழாவது அடியில் டெய்லர் உள்ளே போனார். கதவை அவரே சாத்திக்கொண்டார்.



உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஈர முகத்தோடு, கோணிய வாய் நிறையச் சிரிப்போடு அவர் வெளியே வந்தார். ஹெட் நர்ஸ்தான் முதலில் கை தட்டினாள்.

"வார்டு பூரா இதே மாதிரிதான்" என்றார் டாக்டர். "ஒரு ஆணி கூட மாறக்கூடாது!"

ஆர்க்கிடெக்ட் வீல்சேர் பக்கத்தில் குனிந்தாள்.

"பத்து வருஷமா ஆஸ்பத்திரி கட்டறேன், எனக்குத் தோணலை. உங்களுக்கு எப்படி ஐயா தோணிச்சு?"

"எனக்கெங்கேம்மா தோணிச்சு? எழுதக் கை வராம, சொல்ல வாய் வராம, நீங்க குடுத்த தாளை வச்சுக்கிட்டு அவர் அழுதுட்டிருந்தார். நான் ஒண்ணொண்ணாக் கேட்டேன், அவர் தலையாட்டினார். மூணு நாளாச்சு. அந்த நாலு பக்கமும் அவர் சொன்னதுதாம்மா!"