உறையாத பால்

கவரைப் பிரித்துப் பார்த்த டாக்டர் நஸ்ரின், எதிரே இருந்த ஜெயக்கொடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. தயிரில் இருப்பதுபோன்ற நல்ல கிருமிகள் மனச்சோர்வைக் குறைக்குமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. பாதிப் பேருக்குக் கிருமி அடைத்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே இன்றுதான் தெரியும்.

“உங்களுக்கு வந்தது மாவும்மா.”

அந்த இரக்கக் குரல் ஜெயக்கொடிக்குப் பிடிக்கவில்லை.

“ரெண்டாவது வாரமே தெரியும். ஒரு மாத்திரையப் பிரிச்சு வெதுவெதுப்பான பால்ல கொட்டி வச்சேன். பக்கத்துத் தம்ளர்ல ஒரு சொட்டு மோர் விட்டேன். மோர் விட்டது கட்டியா உறைஞ்சுது. உங்களுது பாலாவே இருந்துச்சு.”

“தெரிஞ்சும் தினம் முழுங்கினீங்களா?”

“டப்பா அடுப்படியில இருந்துச்சு. முழுங்கணும்னா கட்டில விட்டு எந்திரிக்கணும்ல. எந்திரிச்சேன். அடுப்படி வரைக்கும் போன காலு, ஒரு நாள் வாசலுக்கும் போச்சு.”

சோர்வின் மதிப்பெண் முதல் வாரம் இருபத்திரண்டு, கடைசி வாரம் ஏழு என்றது மேசைமேல் இருந்த தாள். அதில் ‘பதினான்காம் எண்’ என்றுதான் அவளைக் குறித்திருந்தார்கள். மருந்து என்ற கட்டத்தில் நஸ்ரின் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதப்போனாள். ஜெயக்கொடி அந்தக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“அதுல என் பேர எழுதுங்க. முழுசா.”

பேனா காத்திருந்தது. சரி என்று சொல்லும்வரை ஜெயக்கொடி கையை எடுப்பதாக இல்லை.