இருபத்திரண்டு நாள் இருமல்

“ஒப்புதல் நம்பர் இல்லாம அப்பாயின்ட்மென்ட் போட முடியாதும்மா. எத்தனை தடவை சொல்றது?”

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவுண்டர் பெண் இப்படிச் சொன்னதும், ஆஸ்பத்திரிக் கூடத்தில் டோக்கனோடு தூங்கி வழிந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எதிரே நின்றவள் அப்பேர்ப்பட்டவள். குடியிருப்பில் அவளுக்கு மூணாம் மாடிக்காரி என்று பெயர். அவள் வாயைத் திறந்தால், படி கழுவ வருகிறவர்கூட வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்.

அவள் இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. தோளில் முகத்தைப் புதைத்து, உடம்பே குலுங்க இருமியது.

“அந்த நம்பருக்குத்தானே இன்சூரன்ஸ்காரனுக்கு ஃபோன் போட்டேன்? முப்பத்தஞ்சு நிமிஷம் பாட்டுப் போட்டான். கச்சேரி முடிஞ்சு ஒருத்தி வந்தா. அப்பாயின்ட்மென்ட் நம்பர் சொன்னாத்தான் ஒப்புதலாம். நீங்க ஒப்புதல் வந்தாத்தான் அப்பாயின்ட்மென்ட்ங்கறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன, உதைக்கிற பந்தா?”

“விதிமுறை அப்படி.”

“விதிமுறை எழுதினவனுக்கு இருமல் வந்தா அவன் எங்கே போறான்? அதைச் சொல்லுங்க, நானும் அங்கேயே போறேன்.”

கூடம் சிரித்தது. சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கவுண்டர் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் நின்றால் அந்த மேஜைமேல் ஈகூட டோக்கன் எடுத்துக்கொண்டுதான் உட்காரும்.

“என்ன கலாட்டா இங்கே?”

கவுண்டர் பெண் எழுந்து நின்றாள். “குழந்தை பேர்ல இன்சூரன்ஸ் கார்டு இருக்கு சார், ஒப்புதல்தான் இல்லை. நீங்க கையெழுத்துப் போட்டா ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தற்காலிக நம்பர் கொடுக்கலாம். ரூல் புக்ல நாற்பத்தோராம் பக்கம்.”

ரூல் புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குப் புதுசு. அதை வெளியே காட்டினால் அப்புறம் என்ன சூப்பர்வைசர்?

“தெரியும், தெரியும். ஆனா எல்லாத்தையும் விசாரிக்காம கையெழுத்துப் போட மாட்டேன். ஏம்மா, எத்தனை நாளா இருமல்?”

“அது வந்து… ஒரு பத்து நாளா…”

“இருபத்திரண்டு நாள்,” என்றாள் கவுண்டர் பெண், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே. “நீங்கதானே ஃபோன்ல சொன்னீங்க?”

“ஏதாவது மருந்து ஒத்துக்காதா?”

மூணாம் மாடிக்காரி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். எந்தச் சண்டையிலும் யோசித்துப் பதில் சொன்னவள் இல்லை அவள். “அப்படி ஒண்ணும்… இல்லைன்னு நினைக்கறேன் சார்.”

“நினைக்கறீங்களா?” கவுண்டர் பெண்ணின் குரல் திடீரென்று உயர்ந்தது. “பென்சிலின் கொடுத்தா உடம்பெல்லாம் தடிச்சுப் போகும்னு எழுதியிருக்கு. இதைக்கூட மறந்துட்டா என்னம்மா அர்த்தம்? நீங்கல்லாம் என்ன அம்மாவோ!”

கூடத்தில் யாரோ ‘த்சு’ கொட்டினார்கள். மூணாம் மாடிக்காரிக்குச் சுருக்கென்றது. வாங்கிக்கொண்டு போகிற ஆளா அவள்?

“உங்களுக்கென்னம்மா பேச! உள்ளேயே உட்கார்ந்திருக்கீங்க. உங்க பிள்ளைக்கு ஒண்ணுன்னா கதவைத் திறந்து நேரா டாக்டர் முன்னாடி நிறுத்திடுவீங்க.”

பதில் சூப்பர்வைசரிடமிருந்து வந்தது. “காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஏதும்மா இன்சூரன்ஸ்? இவங்க பிள்ளையே வந்தாலும் கார்டு இல்லாம உள்ளே விட மாட்டேன். இங்கே எல்லாரும் சமம்.”

யாராவது தலையாட்டுவார்கள் என்று கூடத்தை ஒருமுறை பார்த்தார். ஒருவரும் ஆட்டவில்லை. கவுண்டர் பெண் குனிந்து, மை இருந்த முத்திரைக்கே மறுபடி மை தடவிக்கொண்டிருந்தாள்.

குழந்தை இன்னொரு தடவை இருமியது. இந்தத் தடவை மூச்சு திரும்பி வர நேரமாயிற்று. சூப்பர்வைசருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேனாவை எடுத்தார்.

தற்காலிக நம்பரை வைத்து மூணாம் மாடிக்காரி இன்சூரன்ஸுக்கு ஃபோன் போட்டாள். மறுபடி முழுக் கச்சேரி. ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, அழைப்புக்கு நன்றி என்று ஒருமுறை ஃபோனை வைத்தே விட்டார்கள். ஒரு மணி நேரம் தீர ஆறு நிமிஷம் இருக்கும்போது ஒப்புதல் வந்தது.

டாக்டர் பார்த்தது நாலு நிமிஷம்.

“நெஞ்சு பூரா சளி. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அட்மிட் பண்ண வேண்டியதாயிருக்கும். இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

“அப்பாயின்ட்மென்ட்டுக்கு…”

அவர் அடுத்த டோக்கனுக்கு மணி அடித்துவிட்டார்.

மருந்தை வாங்கிக்கொண்டு மூணாம் மாடிக்காரி பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, ஊழியர்கள் சாப்பாட்டுக்கு வெளியே வரும் பின்வாசலில் ஜெனரேட்டர் ஓரமாக நின்றாள். ஒரு மணி அடித்ததும் கவுண்டர் பெண்தான் முதல் ஆளாக ஓடிவந்தாள்.

“சீக்கிரம் வாடி,” என்றாள் மூணாம் மாடிக்காரி. “எம் பொண்ணுக்கு ஸ்கூல் விட்டிருக்கும். நான் போய் அவளைக் கூட்டிட்டு வரணும், இவளுக்குக் காட்டின அவ கார்டையும் எடுத்த இடத்துலயே பத்திரமா வைக்கணும்.”

குழந்தை அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, கவுண்டர் பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டது.

“அம்மா, எனக்கு ஊசியே போடலம்மா!”