மைலோவுக்கு ஓர் உத்தரவு

பினாங்கு வனவிலங்கு வாரியத்தின் இயக்குநர் பதவிக்குக் கடைசியில் நின்றவர்கள் இருவர்: தற்காலிக இயக்குநர் தனுஜா, வெளியிலிருந்து விண்ணப்பித்த சாத்தப்பன்.

நேர்காணலில் வாரியத் தலைவர் ஒரு தாளை நீட்டினார். ஆயர் ஈத்தாமில் பிள்ளையைக் கடித்த குரங்கைச் சுட உத்தரவு.

“டைரக்டருக்குத் துணிச்சல் வேணும்மா. சாத்தப்பன் முடியாதுன்னுட்டாரு. நீங்க?”

அது மைலோ. தனுஜா புட்டிப்பால் கொடுத்து வளர்த்துக் காட்டில் விட்ட குட்டி. பதவி கிடைத்தால் மற்ற குரங்குகளையாவது காப்பாற்றலாமென்று, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கையெழுத்திட்டாள்.

வாரியக் காவலர்கள் மதியமே சுட்டார்கள். மைலோ ஓடவில்லை, தனுஜா அணியும் அதே சீருடையைக் கண்டதும் பாலுக்குக் கை நீட்டியது. யாரோ கைபேசியில் எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்து ஊரே கொதித்தது.

மாலையில் தலைவர் கூப்பிட்டார்.

“சாத்தப்பனையே போட்டாச்சுலா. டைரக்டருக்கு இரக்கம் வேணும்மா.”

“நீங்கதானே சார் கையெழுத்து கேட்டீங்க?”

“கேட்டேன். போட்டது நீங்க. நாளைக்கு விசாரணைக்கு வந்துருங்க. புது டைரக்டரோட முதல் வேலையே அதுதான்.”