வளையாத தூரிகை

உலகோர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நைஜீரியாவின் இபாதான் நகரத்து இளம் ஓவியர் அகின்லபியின் தூரிகை எவருக்கும் வளையாது. போன மாதம் தன் கண்காட்சியில் மைக்கைப் பிடித்து அவனே சொன்னது. இன்று அறை வாடகைக்காக ஒரு கல்யாண மண்டபத்தில், ஜொல்லோஃப் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று விருந்தினரை வரைந்துகொண்டிருக்கிறான். முரசு அதிர்கிறது, விளக்கொளியில் கல்யாணத்துக்கென்றே உறவுக்காரர்கள் காசு கொடுத்து வாங்கி உடுத்திய ஒரே மாதிரிப் பச்சைத் துணி மினுங்குகிறது. வெளிறிய மஞ்சள் கவுனில் ஓரமாக நிற்கும் ஒருத்தி மட்டுமே படத்தில் உயிரோடு வந்திருப்பதாக அவனுக்குப் படுகிறது. மணப்பெண்ணின் அத்தை எட்டிப் பார்க்கிறாள். “தம்பி, குடும்பத் துணி வாங்க வக்கில்லாதவ படத்துல எதுக்கு? பச்சையாக்கு, இல்ல அழிச்சிடு.” “அவங்க அப்படித்தானேம்மா வந்திருக்காங்க?” “நீயுந்தான் கிழிஞ்ச செருப்போட வந்திருக்க. உன்னை வரையச் சொன்னோமா?” சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். தூரிகை பச்சையில் முங்குகிறது. தோளிலிருந்து கீழாக மஞ்சள் மெல்ல மறைகிறது. நிமிர்ந்தால், எதிரே அந்த மஞ்சள் கவுன்காரி; எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவன் காதுமடல் சுடுகிறது. அவள் தன் கவுனின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொள்கிறாள். “துணி நல்லாத்தான் இருக்கு தம்பி,” என்கிறாள். “மூஞ்சிதான் என்னோடது மாதிரியே இல்ல.” அது உண்மைதான்.