நீலக் கோடு

கோலி உருண்டது. கோடு நகரவில்லை.

அவன் சோடா பாட்டிலை மறுபடியும் சாய்த்தான். கழுத்துக்குள் கோலி ஒரு பக்கமாகப் போய் முட்டி நின்றது. அதன் குறுக்கே மெல்லிய நீலக் கோடு, சற்றே முறுக்கிக்கொண்டு.

கோடு கோலியின் நட்டநடுவில் ஓடுகிறது. அதனால்தான் எப்படி உருண்டாலும் ஒரே இடத்தில் தெரிகிறது.

அப்படித்தான் இருக்க வேண்டும்.

மடியில் கையேடு விரிந்து கிடந்தது. வெளிநாட்டுப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் கோலிக்குண்டுகள். படம், வயது, விலை. கையால் செய்த கோலியை அறிவதற்குத் தனி அத்தியாயம். கண்ணாடித் தண்டிலிருந்து வெட்டி எடுத்த இடத்தில் தழும்பு இருக்கும். கோலியைக் கையில் எடுத்து, பகல் வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றவும்.

கையில் எடுத்து.

எடுக்க முடிந்தால், அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே இந்த வெயிலில் இவன் ஏன் சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்?

விட்டத்தை அளக்கவும் என்றது அடுத்த பக்கம். பாட்டில்மேல் ஸ்கேலை வைத்தான். வளைந்த கண்ணாடி கோலியைப் பெரிதாக்கியது. இன்னொரு பக்கம் வைத்தான். வேறு அளவு வந்தது.

நிறத்தை அட்டவணையோடு ஒப்பிடவும்.

பாட்டிலே பச்சை. பச்சை வழியாகப் பார்த்த நீலம், அட்டவணையின் எந்த நீலம்? எழுதியவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவன் கோலியை வெல்வெட் துணியில் வைத்துப் படம் எடுத்தவன்.

சோடாக் கோலியைப் பற்றிக் கையேட்டில் ஒரே ஒரு வரி. விளையாட்டுக் கோலி அல்ல, மதிப்பில்லை.

ஆனால் சோடாக் கோலியில் கோடு ஏது? பாட்டில் செய்த இடத்தில் ஏதோ ஒரு நாள், விளையாட்டுக் கோலி ஒன்று உள்ளே போயிருக்கிறது.

பல வருடமாகக் கோலி சேர்க்கிறான். கையால் செய்தது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போன மாதம் கிடைத்தது என்று நம்பி, படம் எடுத்துச் சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குழுவில் போட்டான். ஒரே சொல்லில் பதில் வந்தது. மெஷின். அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

இனித் தழும்பைப் பார்க்காமல் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை.

"என்னண்ணே, பாட்டிலுக்குள்ள ஜோசியமா?" என்றார் பக்கத்தில் நின்று சோடா குடித்த லாரிக்காரர். "நமக்கு அடுத்த லோடு எப்பக் கெடைக்கும்னு பாத்துச் சொல்லுங்க."

கடைக்காரி முத்திருளாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பெஞ்சில் உட்காரும் உரிமைக்காக இன்னொரு சோடா வாங்கிக் குடித்தான். காலி பாட்டிலைப் பக்கத்தில் வைத்தான். வயிறு உப்பியது. கோடு அதே இடத்தில் இருந்தது.

நீலக் கோடு தெரிந்த பாட்டிலைக் காட்டி விலை கேட்டான்.

"பாட்டில விக்கிறதில்ல சார். இப்பல்லாம் இது எங்க வருது? இருக்கிறதே இந்த ஒத்தப் பெட்டிதான். இத வச்சுத்தான் பொழப்பு ஓடுது."

விலையைக் கூட்டிக் கேட்டான்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

இன்னும் கூட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும்.

"பையன் கேட்டான்க்கா," என்றான். "சோடாக் கோலிதான் வேணுமாம்."

அவனுக்குப் பிள்ளை கிடையாது.

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? புள்ள ஆசப்பட்டதக் கேக்குறதுக்கு இம்புட்டுச் சுத்தி வளைக்கிறீகளே."

பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கினாள். சாக்கில் சுற்றினாள். இஞ்சி தட்டும் குழவியால் கழுத்தில் ஒரு தட்டு.

"யக்கா, இப்பிடியே போனா கடையவும் ஒடச்சுக் குடுத்துருவ போல," என்றார் லாரிக்காரர்.

அவன் பணத்தை நீட்டினான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

"புள்ள வெளையாட்டுக்குக் காசா? உள்ள வைங்க."

சாக்கை விரித்து, கோலியைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

எழுந்து வெயிலுக்குப் போனான். கையேடு சொன்னபடி மெல்லச் சுழற்றினான்.

பச்சை.

மறுபடி சுழற்றினான்.

தழும்பு இல்லை. கோடு இல்லை. வெறும் பச்சை.

திரும்பி வந்தான். தரையில் விரிந்திருந்த சாக்கில், உடைந்த கழுத்துத் துண்டு ஒன்றில் நீலம் தெரிந்தது. பாட்டில் கண்ணாடிக்குள்ளேயே, சற்றே முறுக்கிய ஒரு நூல்போல.

அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, ஆமால்ல," என்றாள். "ஒத்தக் கோலிய வச்சுக்கிட்டுப் புள்ள எப்பிடி ஆடுவான்? எனக்குப் புத்தி போச்சு பாருங்க."

துண்டுகளை ஓரமாக உதறினாள். பெஞ்சில் அவன் குடித்து வைத்திருந்த இரண்டாவது பாட்டில் சாக்குக்குள் போனது.

"வேணாம்க்கா."

"சும்மா இருங்க சார்."

"அக்கா..."

"பையன் பேரு என்ன?"

ஓங்கிய குழவி அப்படியே நின்றது. பேரைக் கேட்டுவிட்டு அடிக்கலாம் என்று, சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.