யாழினியின் மூன்று கண்ணாடிகள்

காலி மனையில் நின்றபடியே வரப்போகும் வீட்டைப் பார்ப்பதற்கு, யாழினி ஆளுக்கொரு கணினி மூக்குக்கண்ணாடி கொண்டுவருவாள். மேஸ்திரியின் கண்ணாடியில் கம்பியும் தூணும் தெரியும். வீடு கட்டும் மகனுடையதில், பத்து வருடம் கழித்து அந்த வீடு இருக்கும் கோலம். வயதான அப்பாக்களுக்குக் கிரகப்பிரவேச நாள் மட்டும்தான். அது அவள் நிறுவனத்தின் கண்டிப்பான வழக்கம்.

அன்று பெரியவர் நாச்சியப்பன் தன் மகனின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். யாழினி கவனிப்பதற்குள் அதில் தெரிந்த கூடம்வரை போய்விட்டார். சுவரில் அவர் படம் மாலையோடு தொங்கியது.

"ஐயா, அது உங்க கண்ணாடி இல்லீங்க. கழட்டிடுங்க."

அவர் கழற்றவில்லை. ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இந்தச் செவுத்துல வெயில் நேரா அடிக்குதும்மா, மாலை சீக்கிரம் வாடிரும். என்னை எதிர்ச் செவுத்துக்கு மாத்திரு."