வெள்ளித் தகட்டில் ஒரு வயிறு

நேர்ந்துகொண்டவர்கள், குணமான உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது அந்தக் கோயிலின் வழக்கம். வாசலில் இருந்த கடைக்காரி கண், காது, கை, கால், மார்பு என்று தட்டு நிறையப் பரப்பி வைத்திருந்தாள்.

“வயிறு ஒண்ணு குடும்மா. நடை சாத்திருவாங்க,” என்று அவசரப்பட்டான் தணிகாசலம். அவன் மனைவி செங்கமலத்துக்குச் சினைப்பையில் வந்த புற்று குணமாகி ஆறு வருஷமாகிவிட்டது. வேண்டுதலை இன்றுதான் முடிக்க வந்திருந்தார்கள்.

செங்கமலம் புடவைத் தலைப்பை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள். எதிலும் இடித்துக்கொள்ளாமலே அங்கே நீலம் பாரித்திருந்தது. கீமோ மருந்தே சிலருக்குப் பல வருஷம் கழித்து ரத்தத்தில் புற்றைக் கொண்டுவரலாம் என்று, அதை ஏற்றும் முன்பே டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். போன வாரம் பரிசோதனைக்குக் கொடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உடனே வரச்சொல்லி நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அதை அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

கடைக்காரி நீட்டிய வயிற்றை வாங்கினாள். உள்ளங்கையில் அது இருப்பதே தெரியவில்லை.

“ரத்தத்துக்கு என்ன போடுவாங்க?” என்று கேட்டாள்.

“ரத்தத்துக்கா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேக்கா. இருங்க, பாக்குறேன்,” என்று கடைக்காரி பெட்டியையே கவிழ்த்தாள். தகடுகள் சலசலவென்று கொட்டின. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தள்ளினாள்.

பணம் எடுக்கச் சட்டைப் பையில் விட்ட கையைத் தணிகாசலம் வெளியே எடுக்கவில்லை.

“யாருக்கு?” என்றான்.

செங்கமலம் தலைப்பைப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்தினாள்; முழங்கையின் நீலம் வெளியே தெரிந்தது.